உள்தண்டு

பங்குனி பிறந்த நாலாம் நாள் காலை, ஸ்ரீரஞ்சனி தன் டிரைவிங் ஸ்கூல் காரைக் கச்சேரி ரோட்டில் ஒரு மர நிழலில் நிறுத்திவிட்டு, கல்யாணராமன் மாமா வீட்டுக்கு நடந்து போனாள். வழியெல்லாம் என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பெண்கள் போய்ப் பேசுகிற விஷயம் இல்லை அது.

மாமா கூடத்தில் மாவடு பொறுக்கிக்கொண்டிருந்தார். தரையில் உட்கார அவரால் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை நேராக நீட்டி, எதிரே ஒரு ஸ்டூலில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, அடிபட்ட வடுவைத் தள்ளி நல்லதை ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெய் வாசனை வாசல்வரை வந்தது.

சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பெருமாள் கோயிலில் பெருமாளைத் தோளில் சுமந்து வீதிவலம் கொண்டுவருகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பேர். சம்பளம் கிடையாது. பாங்கில், ஐடி கம்பெனியில், காலேஜில் வேலை பார்க்கிறவர்கள் உற்சவத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து சுமப்பார்கள். யார் எந்த இடத்தில் தோள் கொடுப்பது என்பதை மாமாதான் சொல்வார்.

ஸ்ரீரஞ்சனி சுற்றி வளைக்கவில்லை. தன் கணவர் ஸ்ரீவத்சனுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி நாலு மாசம்கூட ஆகவில்லை, ஆனாலும் அவர் கருட சேவைக்கு வந்தே தீருவேன் என்கிறார், தடுத்துப் பார்த்தாயிற்று, கேட்கமாட்டார், அதனால் எது சுலபமான இடமோ அதில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? ஒரு ஃபோன் போட்டா போறாதா?" என்றார் மாமா. "அவனை உள்தண்டுல போட்டுடறேன். வாகனத்தை ஒட்டினாப்பல நாலாவது எடம். ஜுரத்துல எழுந்தவன், வயசானவன், ஒடம்பு முடியாதவன், எல்லாரையும் நான் அங்கதான் நிறுத்தறது."

அந்த இடம் எப்படிச் சுலபம் என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரு வாகனம் எப்படித் திரும்புகிறது என்று தெரிய வேண்டும். வாகனத்தின் அடியில் இரண்டு நீளத் தண்டுகள் செருகிக் கட்டியிருக்கும். ஒரு தண்டுக்கு முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர்; மொத்தம் பதினாறு பேர். கோயிலை வலமாகத்தான் சுற்றவேண்டும். ஆகையால் நாலு மூலையிலும் திருப்பம் வலப்பக்கம்தான். இடப்பக்கம் திரும்புவது என்பதே இல்லை. வலதுபக்கத் தண்டுக்கு உள்தண்டு என்றும் இடதுபக்கத் தண்டுக்கு வெளித்தண்டு என்றும் அவர்களுக்குள் பேர். மூலையில் திரும்பும்போது வெளித்தண்டுக்காரர்கள் பன்னிரண்டு எட்டு வீசிப்போட்டு ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வருவார்கள். உள்தண்டில் வாகனத்தை ஒட்டி நிற்கிறவருக்கு ஒன்றரை எட்டுதான். கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டால் போதும்.

ஸ்ரீரஞ்சனிக்கு மூச்சு வந்தது. மாமி ஒரு பாட்டில் மாவடு கொடுத்தனுப்பினாள்.

*

ஸ்ரீவத்சனுக்கு நாற்பது வயசு. தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷ உற்சவத்தில், இரண்டாம் நாள் காலைப் புறப்பாட்டில், தென்மேற்கு மூலையில் அவன் வலது முட்டிக்குள் ஏதோ படீரென்றது. கூட இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. தரையில் கிடந்த பூமாலையில் கால் வழுக்கியது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஐஸ் வைத்தார்கள். எண்ணெய் தடவித் துணிக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது, வலி போயிற்று, ஆபீஸ் போனான். சரியாகிவிட்டது என்று வீடே நம்பியது. இந்தக் காயத்தில் முதல் ஏமாற்று அதுதான். முட்டிக்குள்ளே இரண்டு தசைநார்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போகின்றன. முன்னால் இருப்பதற்கு ஏசிஎல் என்று பேர். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், தொடைக்கு அடியில் திருகிக்கொள்ளாமலும் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின்மேல் புதுச்சதை வளர்ந்து மூடுகிறது. ஏசிஎல் அறுந்தாலோ, அது மூட்டுக்குள் இருக்கிற வழவழப்பான நீரில் நனைந்தபடி கிடக்கிறது. உறைவு நிற்பதற்குள் கரைந்து போய்விடும். அறுந்த நுனிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இருக்குமே தவிர, பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளாது. வீக்கம் வற்றலாம், வலி போகலாம், நேராக நடக்கலாம். உள்ளே கயிறு இல்லை.

அது நவம்பர் மழையில் தெரிந்தது. மந்தைவெளியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பியவன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். ஸ்கேன் எடுத்தார்கள். டிசம்பரில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, இரண்டு எலும்பிலும் துளை போட்டு, அதன் வழியாகக் கோர்த்துக் கட்டினார்கள்.

அடையாறில் பிசியோதெரபி பார்க்கும் சாய்நாத் சின்னப் பையன்தான். ஆனால் எதையும் நின்று விளக்குவான். கோர்த்த நார் முதலில் வெறும் கயிறு, அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது என்றான். உள்ளேயே அது ஒருமுறை செத்து, பிறகு உடம்பு அதற்குள் மெல்ல மெல்லப் புதிய ரத்தக்குழாய்களை அனுப்பி, அதைத் தசைநாராக மாற்றி எடுக்கும். அந்த இடைக்காலத்தில்தான் அது ரொம்ப மெலிவு. வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில்தான் வலி போய், தொடையில் பலம் ஏறி, காலுக்குச் சொந்தக்காரருக்குத் தெம்பு வருகிறது.

"நாலாவது மாசம் பொய் சொல்ற மாசம், மேடம்," என்றான் சாய்நாத். "சாருக்கு ஓடலாம்போல இருக்கும். நேரா நடக்கட்டும், பரவால்ல. ஒம்போது மாசத்துக்கு முன்னாடி தோள்ல வெயிட்டு வேணாம். அதைவிட முக்கியம், பாதம் தரையில ஊனி இருக்கறப்ப உடம்பு திரும்பவே கூடாது."

இதில் ஸ்ரீவத்சன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான். நேராக நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறான் அல்லவா. பாரத்தைப் பதினாறாக வகுத்தால் ஒரு தோளுக்கு நாற்பது கிலோகூட வராது. ஸ்ரீரஞ்சனி மூன்று வாரம் சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அவன் அசையவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. தோள் உயரம் சமமாக இருந்தால்தான் தண்டு சாயாது. அதனால் ஒவ்வொருவருக்கும் அளந்து வைத்த ஓர் இடம் உண்டு; உடம்பு முடியாத அன்று மட்டும் அதே உயரமுள்ளவரோடு மாற்றிக்கொள்வார்கள். தொடர்ந்து இரண்டு கருட சேவைக்கு ஒருவர் வராவிட்டால், அவர் இடம் அதே உயரமுள்ள அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன வருஷம் அடி பட்டது கருட சேவைக்கு முதல் நாள். இந்த வருஷமும் வராவிட்டால் இரண்டு. ஸ்ரீவத்சனின் உயரத்துக்கு ஆதம்பாக்கத்திலிருந்து ராம்குமார் என்று ஒருவன் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான். நல்ல பையன். அதுவே ஸ்ரீவத்சனுக்குத் தாங்கவில்லை.

"ஆபீஸ்ல என் சேர்ல யார் வேணா ஒக்காரலாம், ரஞ்சனி. ஒரு வாரத்துல எல்லாருக்கும் மறந்துடும்," என்று சொல்லியிருந்தான். "இது அப்படி இல்லை. இந்த ஊர்ல எனக்குன்னு அளந்து வெச்ச எடம் அது ஒண்ணுதான்."

அதற்கு மேல்தான் அவள் மாமா வீட்டுக்குப் போனாள்.

*

இரண்டு நாள் கழித்து, காரின் முன்டயர்களைக் காட்ட ராயப்பேட்டையில் குலாம் ரசூல் கடைக்குப் போனாள். ஆறு வருஷமாக அவர்தான் அவள் காருக்கு டயர் பார்க்கிறார். வெயில் மண்டையைப் பிளந்தது. குலாம் ரசூல் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் டயரைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. பின் டயரு ரெண்டும் ஜம்முனு கீது, முன்னாடி மட்டும் இப்டி பிச்சி எடுத்துகீது? ரேஸுக்கா போய்க்கினு கீறே?"

பார்க்கிங் பழகுகிறவர்கள் பண்ணும் வேலை என்றாள். பயத்தில் காரை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புகிறார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

"அதான் மேட்டரு. ஓடுற வண்டில ஒடிச்சின்னா டயரு உருண்டுக்கினே திரும்பிக்கும், அதுக்கு நோவாது. நின்ன வண்டில ஒடிச்சா? ரோடு டயர கெட்டியா புடிச்சிக்கினு கீது, மேல வண்டி கனம் வேற குந்திக்கினு கீது. அப்ப நீ திருப்புற திருப்பு எங்க போவும்? உள்ள போவும். சக்கரத்து மூட்டு கீது பாரு, பால்ஜாயிண்டு, அதுல போய் வேலைய காட்டும்." அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நீ டயர பாத்து பேஜாராவுற. நான் பால்ஜாயிண்ட பாத்து பேஜாராவுறேன்."

ஆயிரம் தடவை அவளே மாணவிகளுக்குச் சொன்ன பாடம்தான். ஆனால் இந்தத் தடவை அவள் கண்ணுக்கு டயர் தெரியவில்லை. வெறும் பாதம் ஒன்று, வெயிலில் காய்ந்த தார்மேல் ஊன்றியபடி, மேலே நாற்பது கிலோவோடு தெரிந்தது. ஒன்றரை எட்டு. நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டால் போதும்.

தானே போய்க் கேட்டு வாங்கிய இடம்.

குலாம் ரசூல் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

*

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ஸ்ரீவத்சன் கட்டிலில் படுத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். தொடைச் சதை இறுகி இறுகித் தளர்ந்தது. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போன வருஷம் அன்னிக்கு நீங்க எந்த எடத்துல நின்னேள்?"

"எதுக்கு இப்போ?"

"சொல்லுங்கோ."

"உள்தண்டு. மொத நாள் எனக்கு ஜுரம் இல்லையா? மாமா என்னைப் பாத்துட்டு, நீ உள்ள நின்னுக்கோடான்னார்."

"பூ வழுக்கித்துன்னேளே. பூவைப் பாத்தேளா?"

அவன் அழுத்துவதை நிறுத்தினான். மின்விசிறியைப் பார்த்தான். "தோள்ல தண்டு இருக்கறச்சே யாரால கீழ பாக்க முடியும்? எல்லாரும் சொன்னா, இருக்கும்னு நெனச்சுண்டேன்."

அவள் டயர்க் கடையில் கேட்டதைச் சொன்னாள். சாய்நாத் சொன்னதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஸ்ரீவத்சன் புத்திசாலி. பாதி சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"கார் டயரையும் பெருமாளையும் ஒண்ணாப் பேசிண்டிருக்கே."

"நான் பெருமாளைப் பேசலை. ஒங்க காலைப் பேசறேன்."

"நீதானே போய்க் கேட்டே அந்த எடத்தை? இப்போ நீயே போய் அதுக்கும் வேட்டு வைக்கப்போறியா?" அவன் எழுந்து உட்கார்ந்தான். குரல் தணிந்துவிட்டது. "மாமாக்கு இது தெரிஞ்சா என்னை எடுத்துடுவார். அவர்கிட்ட சொல்லாதே. நான் பாத்து அடி வெச்சுக்கறேன். நாலே நாலு திருப்பம், ரஞ்சனி."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தயிர்சாதம் பிசைந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். மாமி கொடுத்த மாவடு பாட்டில் நடுவில் இருந்தது, யாரும் திறக்கவில்லை.

மறுநாள் அவள் மாமாவுக்கு ஃபோன் பண்ணினாள். அவர் சிரித்தார். இருபத்தைந்து வருஷமாகத் தான் ஆள் நிறுத்துகிற இடம் அது, வெளித்தண்டில்தான் ஆட்கள் விழுந்து எழுந்திருக்கிறார்கள், வத்சன் பூ வழுக்கி விழுந்ததைத் தவிர உள்தண்டில் விழுந்தவனே கிடையாது, வீணாகக் கவலைப்படாதே என்றார்.

*

கருட சேவைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் நந்தவனத்தை ஒட்டிய கல் பாவிய முற்றத்தில் ஒத்திகை. தண்டுகளுக்கு நடுவே அரிசி மூட்டைகளை ஏற்றிக் கட்டிப் பழகுவார்கள். முன்னால் சுமந்த பழையவர்களும் வேடிக்கை பார்க்க வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மடப்பள்ளியிலிருந்து புளியோதரை வாசனை வந்துகொண்டிருந்தது. ஸ்ரீரஞ்சனி கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே வந்தபோது, அவள் ஏதோ தளிகை பண்ணிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் வாங்கக் கை நீட்டினார்கள்.

பாத்திரத்தில் கோலமாவு. திரும்புகிற மூலையில் அதைச் சீராகத் தூவி, துடைப்பத்தால் மெல்லப் பரத்திவிட்டாள்.

"மாமா, ஒரே ஒரு தடவை இதுமேல திரும்பிக் காட்டச் சொல்லுங்கோ. அவரைத் தவிர வேற யாராவது உள்ள நிக்கட்டும்."

"கோலத்தை மிதிங்கோன்னு சொல்ற பொம்மனாட்டியை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார் மாமா. சிரிப்பு எழுந்தது. ஸ்ரீவத்சன் சிரிக்கவில்லை. மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நந்தவனச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றான். அவன் இடத்தில் ராம்குமார் தோள் கொடுத்தான்.

பதினாறு பேரும் தூக்கினார்கள். மாமா கை காட்ட, மூட்டைகள் அசைந்து வந்து மாவின்மேல் திரும்பி, அந்தப் பக்கம் போய் இறங்கின. எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

வெளித்தண்டு வந்த வழியில் பாதங்கள் அச்சாக விழுந்திருந்தன. ஐந்து விரலும் குதிகாலும், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரு வளைவில் வரிசையாகப் போயிருந்தன. உள்பக்கம் வர வர அச்சுகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. வாகனத்தை ஒட்டிய இடத்தில் பாதமே இல்லை. மாவு தேய்ந்து, ஒரு பூரி அளவுக்கு வட்டமாகத் திருகி, நடுவில் கருங்கல் தெரிந்தது.

"இந்தத் திருகல் பாதத்தோட நிக்கலை, மாமா," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "இங்க கல்லு. அதனால கால் கொஞ்சம் வழுக்கி மாவைத் தேச்சிருக்கு. தெருவுல தார் ரோடு. அது பாதத்தைப் பிடிச்சுக்கும். அங்க இது மாவுல விழாது. முட்டிக்குள்ள விழும்."

 கல்யாணராமன் மாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, சுவரோரம் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"சம்பத், ஒனக்கு எந்த முட்டி?"

"எனக்கா? வலதுதான். ஏன்?"

"தேசிகா, ஒனக்கு?"

தேசிகன் தன் வலது முட்டியின்மேல் கையை வைத்தார். மாமா தன்னுடைய காலைப் பார்த்துக்கொள்ளவில்லை. அதைத்தான் மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒடம்பு முடியாதவாளாப் பாத்துப் பாத்து அங்க நிறுத்தினேன்," என்றார். "கஷ்டப்படக் கூடாதேன்னு."

யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்த பிறகு அவர் குரல் பழையபடி வேலைக்குத் திரும்பிவிட்டது. இனிமேல் யாரும் நின்ற இடத்தில் திரும்பக் கூடாது. பஸ் திரும்புகிற மாதிரி வாகனமே அகலமாக வளைய வேண்டும். உள்தண்டும் சின்னச் சின்ன அடியாக நடந்துகொண்டே திரும்ப வேண்டும். நாலைந்து தடவை பழகினார்கள். மூன்று மூலைக்கு அது சரிவரும். தென்மேற்கு மூலையில் மின்சாரப் பெட்டி நிற்கிறது. அங்கே அகலம் கிடையாது, உள்ளே இருப்பவன் எப்படியும் ஒரு தடவை திருகியே ஆகவேண்டும்.

"வத்சா," என்றார் மாமா. "நீ இந்த வருஷம் வேண்டாம்."

"வெளித்தண்டுல போடுங்கோ, மாமா."

"அங்க ஓடணும். நாலு மாசக் காலை வெச்சுண்டு ஓடுவியா?"

 மாமா எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, அந்த இரண்டு கருட சேவைக் கணக்கை இவனுக்கு மட்டும் ஒரு வருஷம் தள்ளிவைக்கலாம், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்றார். ராம்குமார் அவசரமாக, "ஆமாண்ணா, நான் இந்த வருஷத்துக்கு மட்டும்தான்," என்றான்.

"ஒரு வருஷத்துக்கு மட்டும்னு எடம் கெடையாது, ராம்," என்றான் ஸ்ரீவத்சன். "எனக்கு இந்த எடம் எப்படி வந்துதுன்னு தெரியுமா? சம்பத் மாமாவால ரெண்டு கருட சேவைக்கு வர முடியலை. அவருக்கு யாரும் தள்ளிவெக்கலை. எனக்கு அப்போ இருபது வயசு. சந்தோஷமா வந்து நின்னேன்."

பெஞ்சில் சம்பத் மாமா வேறு பக்கம் பார்த்தார். ஸ்ரீவத்சன் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினான். ஸ்ரீரஞ்சனி கல்லில் கிடந்த மாவைக் கூட்டி அள்ள முயன்றாள். பாதி வரவில்லை.

*

அதன்பிறகு ஐந்து நாளும் அவன் அவளோடு பேசினான். பால் வந்ததா, கேஸுக்குச் சொல்லியாயிற்றா, சாய்நாத் எத்தனை மணிக்கு வரச்சொன்னான், எல்லாம் பேசினான். சண்டை போட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கருட சேவையன்று காலை ஆறரை மணிக்கே தெரு நனைந்து கோலம் போட்டு நின்றது. அவர்கள் வீட்டு வாசலில் பெருமாள் நிற்பது வழக்கம். எப்போதும் ஸ்ரீரஞ்சனி தனியாகத்தான் தட்டோடு நிற்பாள். ஸ்ரீவத்சன் தண்டுக்கு அடியில் இருப்பான்; போன வருஷம் வீங்கிய காலோடு உள்ளே படுத்திருந்தான். இன்றைக்கு அவன் வேட்டி கட்டி, குளித்த ஈரம் காயாமல், அவள் பக்கத்தில் வந்து நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன்போலக் கட்டிக்கொண்டான், பிறகு எடுத்துவிட்டான்.

நாதஸ்வரம் முன்னால் வந்தது. பிறகு குடைகள். வெயிலின் முதல் கீற்று கருடனின் சிறகில் பட்டு, வாகனம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. அவர்கள் வாசலில் வந்து நின்றதும் பதினாறு பேரும் மூச்சு விட்டார்கள். உள்தண்டில் வாகனத்தை ஒட்டி நின்ற ராம்குமார் ஸ்ரீவத்சனைப் பார்த்துவிட்டு, உடனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்ரீவத்சன் அவனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இருபது வருஷம்," என்றான், அவளிடம்தான் சொன்னானா என்று தெரியவில்லை. "கருட சேவையை நான் முன்னாலேர்ந்து பாத்ததே இல்லை. அடியில மரம்தான் தெரியும்."

அர்ச்சகர் தட்டை வாங்கிக் கற்பூரம் காட்டித் திருப்பிக் கொடுத்தார். மாமா கை காட்டினார். பதினாறு தோள்களும் ஒன்றாக எழும்ப, வாகனம் தென்மேற்கு மூலையை நோக்கி நகர்ந்தது. ஜனங்கள் பின்னால் போனார்கள். வாசலில் இவர்கள் இருவர் மட்டும்.

மூலை அங்கிருந்து தெரியாது. முன்வீட்டுப் பந்தல் மறைக்கும். நாதஸ்வரம் நின்று, தவில் மட்டும் அடித்தது. திருப்பம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்ரீவத்சன் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்ரீரஞ்சனி அவன் காலைத்தான் முதலில் பார்த்தாள். வலது கால் அசையாமல், நேராக, நன்றாக நின்றுகொண்டிருந்தது. அப்புறம் நிமிர்ந்தாள்.

சட்டையில்லாத அவன் தோளில், தண்டு அமர்ந்து அமர்ந்து காய்த்துப்போன இடத்தில், சதை ஒருமுறை இறுகியது. தோள் மெல்லத் தாழ்ந்து, எதையோ வாங்கிக்கொண்டு, தவில் ஓயும்வரை அப்படியே தாங்கி நின்றது.